எப்போதும் வருகிற எச்சரிக்கை

சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. பால்காரரைச் சந்தேகிப்பவர்கள், பக்கத்து வீட்டைச் சந்தேகிப்பவர்கள், கட்டிய மனைவியைச் சந்தேகிப்பவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது தேறுவார். ஆனால் ஒரு பிரிண்டரின் முன்னால் நின்று "நீ ஆர்?" என்று கேட்டு, திருப்தியான பதில் வரும்வரை அதற்கு ஒரு தாள்கூடக் கொடுக்காத மனிதர் கண்டி மாநகரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் சாத்திரியார் என்று கூப்பிட்டோம். அவருக்குச் சாத்திரமும் தெரியாது, சோதிடமும் தெரியாது.

அவரைச் சொல்வதற்கு முன் அந்த ஹோட்டலைச் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில், பைன் மரங்களுக்கு நடுவே மூன்று மாடியாக நின்றது அது. சமாதானக் காலத்தில், வெள்ளைக்காரர்கள் வந்து குவியப் போகிறார்கள் என்று நம்பி முதலாளி அதைப் பெரிதாகக் கட்டினார். கட்டி முடிந்த கையோடு யுத்தம் திரும்பி வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் வரவில்லை. பனிமூட்டம் மட்டும் தவறாமல் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யன்னல் வழியாக உள்ளே நுழைந்து, ஆளில்லாத நடைகளில் விருந்தாளியைப் போல உலாவிவிட்டுப் போகும். மின்சாரச் செலவுக்காக மேல்மாடி விளக்குகளை அணைத்து வைத்திருந்தோம். பூட்டிய அறைகளுக்குள் கட்டில், மேசை எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். படுக்கைத் துணி மாற்றும் சீதாக்கா மூன்றாம் மாடிக்குத் தனியாகப் போகவே மாட்டாள். "அங்க குளிர் வேற மாதிரி புள்ள. முதுகுல வந்து ஒட்டிக்கும்" என்பாள்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விருந்தாளிகளை வரவேற்பது என் வேலை. விருந்தாளிகள் இல்லாததால், பெரும்பாலும் பனிமூட்டத்தை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

சாத்திரியார் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுக்கலையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, எந்த வெயிலிலும் கழற்றாத ஒரு மண்ணிறக் கம்பளிச் சட்டை. விருந்தாளிகளின் பெயரெல்லாம் பதிவாகிற பெட்டி, சுவரிலிருந்த வயர்லெஸ் பெட்டிகள், கமராக்கள், பிரிண்டர் எல்லாம் அவருடைய பொறுப்பு.

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை. பிரௌசரில் அவற்றைத் திறக்கப் போனால் திரையில் ஓர் எச்சரிக்கை எழும். தொப்பி போட்ட பொலிஸ்காரர் ஒருவரின் படம். அதன் கீழே, இந்த இடத்தை நம்ப முடியாது, இதன் சான்றிதழில் இது தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு நீண்ட ஒப்பாரி. கடைசியில் சின்ன எழுத்தில், 'ஆபத்து எனக்குத் தெரியும், தொடரலாம்' என்பது மாதிரி ஓர் இணைப்பு. ஒவ்வொரு மாலையும் கம்ப்யூட்டரை அணைத்தால் மறுநாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழும்பும்படி அதை அமைத்திருந்தார்கள். ஆகவே அந்தப் பொலிஸ்காரர் ஒவ்வொரு காலையும் தவறாமல் வேலைக்கு வந்தார். நாங்கள் யாரும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மனேஜர், கடிக்கிற நுளம்பை அடிக்கிற வேகத்தில் தொடரலாம் என்பதைத் தட்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டே தட்டுவேன்.

சாத்திரியார் மட்டும் தட்ட விடமாட்டார்.

"நில்லும் பிள்ளை. முதல் ஆளைப் பாப்பம்."

"எந்த ஆள் அண்ணே? நம்ம பதிவுப் பெட்டிதானே!"

"அது சொல்லுது தான்தான் பதிவுப் பெட்டி எண்டு. ஆர் சாட்சி?"

சாட்சி யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினை என்று அவர் விளக்குவார். வெளியில் உள்ள பெரிய இணையத்தளங்களுக்கெல்லாம் கிராம சேவகர் மாதிரி யாராவது நற்சான்று எழுதிக் கொடுப்பார்களாம். ஹோட்டலுக்குள்ளேயே கிடக்கிற பெட்டிக்கு எந்தக் கிராம சேவகர் எழுதுவார்? அதனால் அது தனக்குத் தானே நற்சான்று எழுதி, கீழே தானே கையெழுத்தும் போட்டுக்கொள்கிறது. அதை நம்புவதற்கு ஒரே வழி, ஒரு தடவை அதன் பக்கத்தில் போய் நின்று, நேரடியாக வயரைச் செருகி, அதன் ரேகையைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வது. ரேகை என்று அவர் சொன்னது, சான்றிதழின் அடியில் வருகிற நீளமான எண்ணெழுத்து வரிசையை. அதை ஒருவராலும் மாற்றி எழுத முடியாதாம். எல்லாப் பெட்டிகளின் ரேகையும் அவருக்கு மனப்பாடம்.

எனவே தினமும் காலையில் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடிக்கு மேலால் கூரையைப் பார்த்தபடி, "நாலு ஈ... ஒன்பது சீ... சைபர் ஏழு... டி ரெண்டு..." என்று தாழ்ந்த குரலில் ஓதுவார். நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஓதி முடிந்ததும் "சரி, அவன்தான். உள்ள போம்" என்பார். பிறகு மாடிக்குப் போவார். ஆளில்லாத நடைக்கூடத்தில், சுவர்ப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் முன்னால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நின்று, அதே மாதிரி ஓதுவார். அந்த ஓசை படிக்கட்டு வழியாக இறங்கி வரும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மேலே ஏதோ ஆவிக்குப் பூசை நடக்கிறது என்று பயந்து, சேர்ந்த அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டாள்.

சாத்திரியார் என்று பெயர் வைத்தது சமையற்கட்டு நௌபர் நானா. பக்கத்து ஊரான கெலிஓயாக்காரர். அவர் ஒருநாள் தேநீர் கொண்டுவந்தபோது, "ரேகை சரி, ஆள் நல்ல ஆள்" என்று இவர் சொன்னது காதில் விழுந்துவிட்டது. உடனே மாப் படிந்த கையைக் கம்பளிச் சட்டையின் கீழ் நீட்டிவிட்டார்.

"இதையும் கொஞ்சம் பாருங்களே. கட்டாருக்கு விசா எப்ப வரும் செல்லி?"

சாத்திரியார் அந்தக் கையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "நானா, இதில ரொட்டி மாவைத் தவிர வேற ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

அடுத்த கிழமையே நானாவின் விசா நிராகரிக்கப்பட்டது. "பாத்தீங்களா? அண்டைக்கே செல்லிட்டாரு, ஒண்டும் இல்ல எண்டு!" என்று நானா ஹோட்டல் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதோடு சீதாக்கா, தோட்டக்காரர், காவற்காரர் எல்லோரும் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். "நான் கை பாக்கிறேல்லை, நான் கை பாக்கிறேல்லை" என்று அவர் மாடி மாடியாக ஓடினார். ஓட ஓடப் புகழ் கூடியது.

அந்த நாட்களில்தான் திருமதி செல்வம் வந்தார். மனேஜர் அவரை இருட்டிய பிறகு காரில் அழைத்துவந்து மூன்றாம் மாடியின் ஒரு முனையில் அறை கொடுத்தார். செல்வம் என்பது நாங்கள் அவரைக் கூப்பிடுவதற்காக வைத்த பெயர். கொழும்பில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவருடைய தம்பியைப் பட்டப்பகலில் கடை வாசலில் வைத்தே ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வந்தவர்களில் ஒருவனின் முகத்தை இவர் நன்றாகப் பார்த்துவிட்டார். பார்த்ததைப் பொலிஸில் சொல்லியும்விட்டார். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஒழுங்கு சரிவரும்வரை எங்காவது இருக்க வேண்டும். மனேஜர் கண்டிச் சிங்களவர். அந்தக் குடும்பத்துக்குப் பழைய சிநேகிதர். "மனுசர் இல்லாத ஹோட்டல்ல மனுசரை ஒளிக்கிறது லேசி" என்று என்னிடம் சொன்னார். இந்த விஷயம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனால் தங்குகிறவரின் அடையாள அட்டைப் பெயரைப் பதிவுப் பெட்டியில் போடாவிட்டால் மனேஜரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் புஷ்பவதி. நான் அவசரத்தில் ஆங்கிலத்தில் தட்டும்போது நடுவே ஓர் எழுத்துக்கூட்டம் விடுபட்டு, 'புஷ்பதி' என்று பதிந்துவிட்டது. அதைத் திருத்துவதற்கு மனேஜரின் அனுமதி வேண்டும். எழுத்துப் பிழைதானே, நல்லதுதான் என்று அவர் அப்படியே விடச் சொன்னார்.

அந்த அம்மா அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டை நான் கொண்டுபோவேன். "மற்ற முனைக் கடைசி அறையில ஆர் இருக்கினம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"யாருமே இல்லைங்க. இந்த மாடி முழுக்கப் பூட்டிக் கெடக்கு."

"இல்லைப் பிள்ளை. அந்த முனையில ஒரு சத்தம். பல்லி கத்துற மாதிரி. மெல்லிசா."

பல்லிதான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்குகிற போது முதுகு குளிர்ந்தது.

அதற்கு முதல் நாள்தான் சாத்திரியாரைப் பொலிஸ் பிடித்தது. காலையில் அவர் வேலைக்கு ஏறி வரும் வளைவில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. மற்றவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்துவிடுவோம். அவருடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதனால் தினமும் வரிசையில் தனியாக நிற்க வைப்பார்கள். அன்றைக்குக் காத்திருக்கிற நேரத்தில் மனிதர் சும்மா நிற்காமல், பெட்டிகளின் ரேகையை மீட்டிப் பார்த்திருக்கிறார். "ஏ ஆறு... ஐஞ்சு எஃப்... மூண்டு பி..."

"மொனவத ஒய் மதுரன்னே?" என்ன மந்திரம் ஓதுகிறாய் என்று பொலிஸ்காரர் அதட்டியிருக்கிறார்.

"மந்திரம் இல்லை சேர். பிரிண்டரின்ர ரேகை."

இப்படி ஒரு பதிலை யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன ஒரே மனிதரும் அவராகத்தான் இருப்பார். எண்ணும் எழுத்தும் கலந்து முணுமுணுக்கிறார், கேட்டால் பிரிண்டர் என்கிறார். ஒருவர் இது குண்டு வைக்கிறவர்களின் இரகசிய மொழி என்றாராம். இன்னொருவர் சூனியம் என்று பயந்து இரண்டடி தள்ளி நின்றாராம். கடைசியில் இரண்டு சந்தேகத்துக்கும் பொதுவாக ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு இரவு உள்ளே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மனேஜர் போய், "இவர் எங்கள் ஆள்தான், எனக்குத் தெரியும்" என்று கையெழுத்து வைத்து அழைத்துவந்தார். காரிலிருந்து இறங்கியபோது கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் பாதி இல்லை. மூக்குக் கண்ணாடியின் ஒரு சில்லில் கீறல். நானா தேநீரோடு ஓடி வந்தார். அவர் அதைத் தொடவில்லை. முகம் கழுவவும் போகவில்லை. நேராக என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"திறவும் பிள்ளை."

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க. அப்புறமா பாத்துக்கலாம்."

"திறவும்."

வெளியே பனி யன்னல்வரை வந்து நின்றது. திறந்தேன். பொலிஸ்காரர் படம் வந்தது. அதே ஒப்பாரி, அதே சின்ன எழுத்து. சான்றிதழைத் திறந்து விரலை வைத்தேன். அவர் கூரையைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நாலு ஈ..."

திரையில் நாலு ஈ இல்லை. நான் வேறு வரியைப் பார்க்கிறேனோ என்று விரலை நகர்த்தினேன். அவர் ஓதிக்கொண்டே போனார். திரையில் ஓர் எழுத்துக்கூட அவருடைய வாயோடு சேரவில்லை. என் விரல் நின்றதும் அவர் குரலும் நின்றது. குனிந்து பார்த்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

"பிள்ளை, கையை எடும்."

"ஏன் அண்ணே? எப்பவும் வர்றதுதானே இது?"

"எப்பவும் வாறது மாதிரித்தான் வந்திருக்கு. ஆள் வேற."

சத்தம் போடாமல்தான் சொன்னார். நானா தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

மனேஜர் நம்பவில்லை. "நேத்தும் முந்தநாளும் இதேதானே வந்திச்சி? நான் போனேன், வேல செஞ்சிச்சி" என்றார். "அதுதான் சேர் பயம்" என்றார் சாத்திரியார். பதிவுப் பெட்டி இருந்த அறைக்குப் போய் நேராக வயரைச் செருகிப் பார்த்தார். பழைய ரேகை அப்படியே இருந்தது. பெட்டி எங்கள் பெட்டிதான். என் மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் எவனோ உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் பெட்டியோடு பேசுவதாக நினைத்து அவனோடு பேசியிருக்கிறோம். கடவுச்சொல்லை அவனிடம் கொடுத்திருக்கிறோம். அவன் அதை வாங்கிப் பெட்டியிடம் கொடுத்து, பதிலை எங்களிடம் தந்துவிட்டு, நடுவில் எல்லாவற்றையும் படித்திருக்கிறான்.

"நான் இல்லாத நாளில ஆர் ஆர் உள்ள போனது?"

"எல்லாரும்தான் அண்ணே."

படிக்கட்டின் பக்கத்தில் ஓர் அலுமாரி. ஒவ்வோர் அறைக்கும் போகிற வயர் அதில் வந்து சேரும்; ஒவ்வொரு வயருக்கும் ஒரு பச்சை விளக்கு. அறையில் கம்ப்யூட்டர் ஏதாவது வேலை செய்தால் அந்த அறையின் விளக்கு மின்னும். ஆளில்லாத ஹோட்டலாகையால் அலுமாரி எப்போதும் இருட்டாகவே இருக்கும். அன்றைக்குக் கதவைத் திறந்தபோது அதற்குள் ஒரே ஒரு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி, கடைசி அறை. பல்லிச் சத்தம் கேட்ட முனை.

அந்த அறையின் திறப்பு என் மேசைக்குப் பின்னால், மற்றச் சாவிகளோடு அதன் கொக்கியிலேயே தொங்கியது. எடுத்துக்கொண்டு அவரும் நானும் ஏறினோம். கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை முகத்தில் அடித்தது. வெள்ளைத் துணிக்குக் கீழே கட்டிலும் கதிரையும் யாரோ படுத்திருக்கிற மாதிரியும் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் தெரிந்தன. யன்னல் உள்பக்கம் பூட்டியிருந்தது. தரை முழுக்கத் தூசு. அந்தத் தூசில் ஒரு கால் தடம்கூட இல்லை. நாங்கள் வைத்த அடிதான் முதல் அடி.

எழுதுமேசைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, குளியல் சவர்க்காரக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. மெல்லியதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாத்திரியார் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். கோழி அப்போதுதான் எழும்பிப் போன முட்டையைப் போல அது கதகதப்பாக இருந்தது.

"புடுங்கிருங்க அண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"வேண்டாம். புடுங்கினா, நாங்கள் கண்டிட்டம் எண்டு அவைக்குத் தெரியும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஹோட்டல்ல விருந்தாளியளின்ர பேரைத் தவிர வேற என்ன இருக்கு? ஆரின்ர பேரைத் தேடுகினம்?"

"அண்ணே, இந்த மாடியில ஒருத்தங்க..."

"சொல்லாதையும்!" கையால் என் வாயை மூடுவது போலக் காட்டினார். "ரெண்டு நாளா என்னட்டை எல்லாம் கேட்டவை பிள்ளை. ஒண்டும் தெரியாததாலதான் ஒண்டும் சொல்லேல்லை. நாளைக்கும் எனக்கு ஒண்டும் தெரியக் கூடாது. நீர் ஆளை மாத்தும். இப்பவே."

காய்கறி வானோடு கெலிஓயா போய் வருவது நௌபர் நானாவின் அன்றாட வேலை. மனேஜர் அவரைத் தனியே கூப்பிட்டு இரண்டே வார்த்தைதான் சொன்னார். நானா மறு கேள்வி கேட்கவில்லை. மகளின் ஹபாயா அங்கி ஒன்று சலவைக்காக வானில் கிடந்தது. திருமதி செல்வத்துக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைதான் வந்தது. கீழே சேலைக் கரை தெரிந்தது. "காலை மடிச்சி இரிங்க உம்மா. கேட்டா நீங்க என்ட மாமி. காது கேக்காது, வாயும் பேசாது. அல்லாட காவல்" என்று முன் சீட்டில் காலி முட்டைக்கோவாக் கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டு போனார். பேராதனைப் பாலத்தில் வானை நிறுத்தினார்களாம். நானா அந்தப் பொலிஸ்காரரிடம் மாமியின் காது நோயைப் பற்றி ஆரம்பித்து, மாமி பிறந்த கதை வரைக்கும் போயிருக்கிறார். பொலிஸ்காரரே கும்பிட்டு அனுப்பிவிட்டாராம்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். வெளுத்த சேர்ட், பளபளக்கிற சப்பாத்து. மழைக்கோலமாக இருந்தும் அந்தச் சப்பாத்தில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. மேசைக்கு வந்து, பெரியவர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்:

"புஷ்பதி மெடம் எந்த அறை?"

அப்படி ஒரு பெயரில் உலகத்தில் யாரும் இல்லை. அது என் விரல் தவறிப் பிறந்த பெயர். எங்கள் பதிவுப் பெட்டியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. மனேஜர் என் பின்னால் வந்து நின்று, "அவங்க நேத்தே போயிட்டாங்க" என்று சிங்களத்தில் சொல்லி, அறையைப் பார்க்க விரும்பினால் பார்க்கலாம் என்று திறப்பையும் கொடுத்தார்.

மேலே போனார்கள். வெகுநேரம் வரவில்லை. இரண்டு பேருடைய நடைச் சத்தமும் தலைக்கு மேலே அந்த முனைக்குப் போய், இந்த முனைக்கு வந்தது. இறங்கி வந்தபோது, சாத்திரியார் வரவேற்புக் கூடத்துப் பிரிண்டரின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் நௌபர் நானா வாசலில் வந்து இறங்கினார். கூடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

"சாத்திரியார்! சாமானெல்லாம் பத்திரமா ஊட்டில எறக்கியாச்சி!" என்று உற்சாகமாகக் கத்தினார். அதன் பிறகுதான் அந்தச் சப்பாத்துகளைக் கண்டார்.

பெரியவர் சாத்திரியாரை மேலும் கீழும் பார்த்தார். "சாஸ்த்ரகாரயாத?" என்றார். சோதிடக்காரரா என்று கேட்கிறார். பிறகு சிரித்தபடி தன் வலது கையை நீட்டினார்.

நான் கை பாக்கிறேல்லை என்று மாடி மாடியாக ஓடிய மனிதர் அன்றைக்கு ஓடவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கீறல் விழுந்த கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கூடத்தில் பனி உள்ளே வருகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். அவருக்குத் தெரிந்த சிங்களம் மொத்தமும் காய்கறிக் கடைச் சிங்களம். அதை வைத்துக்கொண்டு பலன் சொன்னார். பெரிய பயணம். மழை வரும். சுருக்காகப் போக வேண்டும்.

"நாங்கள் தேடி வந்தது கிடைக்குமா?"

சாத்திரியார் அந்தக் கையை மெல்லத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "இவரயி" என்றார். சாமான் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர்கள் சொல்கிற சொல் அது.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். கூட வந்தவர் சிரிக்கவில்லை. பெரியவர் கையை இழுத்துக்கொண்டு, மேசையிலிருந்த இனிப்புத் தட்டிலிருந்து ஒரு டொபி எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை சிங்களத்தைத் தவிர வேறொரு சொல் பேசாதவர், பிசிறில்லாத தமிழில் சொன்னார்:

"போயிட்டு வர்றோம் தங்கச்சி."

கார் வளைவில் மறைந்தது. பிறகு நானா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, தமிழ் தெரியுமே! நான் செல்லினது வெளங்கி இரிக்குமே!" அன்றைக்கே அந்த அம்மாவைத் தன் மச்சானின் வீட்டுக்கு மாற்றினார். கையை நீட்டிய அந்த மனிதருக்கு விளங்கியதா, விளங்கியும் போனாரா, எங்களுக்குத் தெரியாது. கெலிஓயாவுக்கு யாரும் வரவில்லை. சில வாரம் கழித்துத் திருமதி செல்வம் கடல் கடந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மனேஜர் சொன்னார். தம்பி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

சாத்திரியார் அன்று மாலைவரை கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "என்னண்ணே, பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லைப் பிள்ளை. அந்தக் கை. சின்னப் பிள்ளையின்ர கை மாதிரி மெத்தெண்டு இருந்தது."

மறுநாள் காலையில், இனி அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றலாம் என்று மனேஜரையும் கூட்டிக்கொண்டு ஏறினோம். அந்த அறையின் திறப்பு இரவு முழுதும் மனேஜரின் சட்டைப்பைக்குள் இருந்தது. கதவைத் திறந்தோம். பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் சவர்க்காரக்கட்டி அளவுக்குத் தூசு இல்லாத ஒரு துண்டுத் தரை. முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் வைத்த அடிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது ஆளின் அடி எதுவும் இல்லை. மனேஜர் விகாரையில் காப்பாகப் பிரித் நூல் கட்டிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினார். எப்படி வந்தது, எப்படிப் போனது என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஹோட்டலில் ஒருவரும் எச்சரிக்கையைத் தட்டிக் கடந்து போகவில்லை. காலையில் மனேஜர் முதல் சீதாக்கா வரை பாடசாலைக் கூட்டம் மாதிரி என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். சாத்திரியார் ஓதி முடித்து "அவன்தான்" என்று சொன்ன பிறகுதான் அடுப்பே எரியும்.

யுத்தம் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். சாத்திரியார் அன்றைக்குச் சமையற்கட்டின் பின்கதவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா வன்னிக்குள் இருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இத்தனை நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. முகாம்களில் தேடிப் பார்க்க வவுனியாவுக்குப் போகிறேன் என்று வேலையை விட்டார்.

போகிற அன்று நௌபர் நானா யாழ்ப்பாணத்துப் புட்டு அவித்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. அது கல்லாக இருந்தது. சாத்திரியார் ஒரு துணிக்கை விடாமல் தின்று, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்கு நானாவும் நானும் கூடப் போனோம். நானா பஸ்ஸுக்குள் ஏறி, அவருக்குப் பக்கத்து சீட்டுக்காரரின் ஊர், பேர் எல்லாம் விசாரித்து, "இவரக் கொஞ்சம் பாத்துக்கங்க, உலகம் தெரியாத மனுசன்" என்று ஒப்படைத்துவிட்டு இறங்கினார். பஸ் போன பிறகும் நகராமல் நின்றார். கேட்டால், டீசல் புகை கண்ணுக்கு ஆகாது என்றார்.

அக்காவைக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது இருவரும் திருகோணமலைப் பக்கம் இருக்கிறார்கள். கடிதம் இல்லை, படம் இல்லை. தீபாவளியன்று விடியக்காலையில் ஓர் அழைப்பு மட்டும். பின்னால் அக்கா ஏதோ சத்தம் போடுவார். இவர் "சுகமோ பிள்ளை" என்பார். நான் "சுகம் அண்ணே" என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. வைத்துவிடுவோம்.

அவ்வளவுதான். ஆனாலும் வயது போகிறதே, ஒரு வருஷம் அந்த அழைப்பு வராமல் போய்விடக் கூடாதே என்று, தீபாவளிக்கு முந்தின இரவே போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.